கம்ப்யூட்டருக்கு ஓர் உயிரியல் பரீட்சை!

குட்டீஸ், நாமக்கல்லில் இருந்து துறையூர் போகும் சாலையில் எருமப்பட்டி பக்கம் போயிருக்கிறீர்களா? எங்கு பார்த்தாலும் கோழிப்பண்ணைகள்தான்! பண்ணையில் கோழிகள் திடீரென்று செத்துக் கிடந்தால், அவற்றை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவார்கள். என்ன நோய் என்று தெரிந்தால்தானே மற்ற கோழிகளைக் காப்பாற்ற முடியும்?

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? கோழியின் ஈரலிலோ குடலிலோ சிறு துண்டு எடுத்து, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவுவார்கள். எவ்வளவு மெல்லிசு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை 200 பங்காக்கினால் ஒரு பங்கு! அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றினால், செல்லின் உட்கரு ஊதா நிறத்திலும், மற்றவை இளஞ்சிவப்பிலும் தெரியும். ஊதா நிறம் தருவது ஒரு மரக்கட்டையில் இருந்து எடுக்கும் சாயம். இந்தத் தகடுதான் 'ஸ்லைடு'.

மனிதர்களுக்கும் இதே முறைதான். உடம்பில் ஒரு கட்டி வந்தால், அது சாதாரணக் கட்டியா, புற்றுநோயா என்று ஸ்லைடுதான் சொல்லும். புற்றுநோய் செல்களின் உட்கரு பெரும்பாலும் பெருத்து, கோணல்மாணலாக, நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். டாக்டர் ஒருவர் நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்து இதைத் தேட வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும், நோயாளி 'எனக்கு ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குப் போய்விடுவாரே!

இந்த வேலையில் துணைக்கு வந்திருப்பதுதான் 'டீப் லேர்னிங்'. கம்ப்யூட்டருக்கு விதிகளைச் சொல்லித் தருவதில்லை. விடை குறித்த படங்களை ஆயிரக்கணக்கில் காட்டுவார்கள். அது ஊகித்துச் சொல்லும். தப்பு என்றால் தன் கணக்கைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும். மறுபடி ஊகிக்கும்.

சரி, விடையைக் குறிப்பது யார்? இங்கேதான் நம் நாட்டுக் கதை வருகிறது. குவாஹாட்டி ஐ.ஐ.டி. குழுவினர் 2017-ல் 30 படங்களை வெளியிட்டார்கள். மார்பகம், ஈரல், சிறுநீரகம் என்று 7 உறுப்புகள். அவற்றில் 21,000-க்கும் மேற்பட்ட உட்கருக்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் கோடு வரைந்தவர்கள் இன்ஜினியரிங் மாணவர்கள்! நோய்க்குறியியல் நிபுணர் ஒருவர் சரிபார்த்தார். நமக்கோ ஒரு மேப்பில் ஆறுகளைக் குறிப்பதற்குள் கை வலித்துவிடுகிறது.

2018-ல் இந்தப் படங்களை வைத்து உலக அளவில் போட்டி நடந்தது. பரீட்சைக்குக் கொடுத்த 14 படங்களில் நுரையீரலும் மூளையும் இருந்தன. பாடத்தில் இவை இரண்டும் இல்லவே இல்லை! வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள். மனப்பாடம் செய்த கம்ப்யூட்டர் எது, புரிந்துகொண்டது எது என்று பார்க்க வேண்டாமா? ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் சாயத்தின் அடர்த்தி வேறு. ஒரே இடத்துப் படத்தில் மட்டும் பழகிய கம்ப்யூட்டர் இன்னோர் இடத்து இளஞ்சிவப்பைப் பார்த்தே குழம்பிவிடும்.

இப்போது படத்தைப் பார்த்து வாக்கியமாகவே எழுதும் கம்ப்யூட்டர்களும் வந்துவிட்டன. அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட 'பாத்சாட்' அப்படிப்பட்டது. ஸ்லைடு படத்தைக் காட்டிக் கேள்வி கேட்டால், பதில் எழுதும். ஆனால் இந்த மாதிரிக் கம்ப்யூட்டர்கள் சில சமயம் படத்தில் இல்லாததையும் அழகான வாக்கியத்தில் எழுதிவிடும். அதனால் டாக்டர் அதே ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, தானும் ஒருமுறை பார்த்துவிட வேண்டியிருக்கிறது.