திறமையான வங்கி எது? எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது

"கவர்ன்மென்ட் பேங்க்னா மந்தம், பிரைவேட்னா வேகம், ஃபாரின் பேங்க்னா கேட்கவே வேண்டாம்." இதைக் கேட்காதவங்க இருக்க மாட்டாங்க. கவுன்ட்டரில் காத்திருந்த நேரத்துக்கு இது சரியாக இருக்கலாம். வங்கியின் செயல்திறனை அளப்பது வேறு கணக்கு.

ஒரு கற்பனை உதாரணம். அ, ஆ, இ என மூன்று கிளைகள். ஒவ்வொன்றிலும் 10 ஊழியர்கள். 'அ' கொடுத்த கடன் 100 கோடி, கணக்குகள் 20,000. 'ஆ' கொடுத்தது 300 கோடி, கணக்குகள் 2,000. 'இ' கொடுத்தது 90 கோடி, கணக்குகள் 1,800. கடனை எண்ணினால் 'ஆ' மூன்று மடங்கு மேல். கணக்குகளை எண்ணினால் 'அ' பத்து மடங்கு மேல்.

இந்தச் சிக்கலுக்காகவே சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1978-இல் ஒரு முறையைக் கொடுத்தார்கள். பெயர் டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ். ஒவ்வொரு கிளைக்கும் அதற்குச் சாதகமான எடையையே போட்டுப் பார்ப்போம். அப்படியும் பின்தங்கினால்தான் அது திறமைக் குறைவு. நம் கணக்கில் 'அ', 'ஆ' இரண்டுக்கும் முழு மதிப்பெண் 1. 'இ'-க்குச் சுமார் 0.34 தான்.

இந்திய வங்கிகளுக்கு இதைப் போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 1997-இல் வெளிவந்தது. பட்டாச்சார்யா, லவல், சஹாய் எழுதியது. 1986 முதல் 1991 வரையிலான காலம். முதலிடம் யாருக்குன்னு நினைக்கிறீங்க? பொதுத்துறை வங்கிகளுக்கு! அடுத்து வெளிநாட்டு வங்கிகள், கடைசியில் தனியார். ஆனால் பொதுத்துறையின் மதிப்பெண் ஆண்டுக்காண்டு இறங்கியது, வெளிநாட்டு வங்கிகளுடையது ஏறியது. இன்னொன்றையும் கவனிக்கணும்: 1994 முதல் வந்த ஐசிஐசிஐ, எச்டிஎஃப்சி போன்ற புதிய தனியார் வங்கிகள் அப்போது இல்லை. அந்த ஆய்வில் டெபாசிட்டும் வெளியீடாக எண்ணப்பட்டது. 1969-க்குப் பின் ஊர் ஊராகக் கிளை திறந்த வங்கிகளுக்கு அது சாதகம்.

கொடுத்த கடன் திரும்பி வருமா? இந்தக் கேள்வியைச் சேர்த்தால் வரிசை மாறும். 2018 மார்ச்சில் பொதுத்துறை வங்கிகளின் மொத்த வாராக்கடன் 14 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதற்காகத் 'தனியார்தான் பத்திரம்' என்றும் சொல்லிவிட முடியாது. 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியும் தனியார் வங்கிதான். 2020 நவம்பரில் அதன் வாடிக்கையாளர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை வந்தது. பத்தே நாளில் சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு அது இணைந்தது. டெபாசிட் தப்பியது, பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

இதன் மறுபக்கம் ஜன்தன் கணக்குகள். முக்கால் பங்குக்கு மேல் பொதுத்துறை வங்கிகளிடம் இருக்கின்றன. சில நூறு ரூபாய் இருப்புள்ள கணக்குக்கும் ஊழியர் வேலை உண்டு. 'ஒரு ஊழியருக்கு எத்தனை கோடி வணிகம்' என்ற அளவுகோலில் அந்த வேலை தெரியவே தெரியாது. அந்த அளவுகோலை மட்டும் வைத்துக் கிளைகளை மூடினால், 'இ'-யோடு சேர்ந்து நம் 'அ' போன்ற கிளையும் போய்விடும். அதனால் தரவரிசைப் பட்டியல் எதைப் பார்த்தாலும், வெளியீடாக எதை எண்ணியிருக்காங்க, வாராக்கடனைக் கழிச்சாங்களா என்று பார்த்துவிட்டுத்தான் நான் மேலே படிக்கிறேன்.