குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு பின்வாங்க முடியுமா? மெம்ஃபிஸ் ஹோட்டல்காரரின் வழக்கு

1982-ல் தென்கொரியாவிலிருந்து அப்பா, அம்மாவுடன் அமெரிக்கா வந்தபோது லீக்கு வயது 13. முதலில் நியூயார்க். பிறகு டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரம். ஹோட்டல்களில் வேலை பார்த்து, சொந்தமாக இரண்டு ஹோட்டல்கள் ஆரம்பித்தார். பெற்றோர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார்கள். லீ மட்டும் கிரீன் கார்டோடு இருந்தார்.

2008-ல் போலீஸ் ரெய்டு. வீட்டில் சிக்கியது 88 எக்ஸ்டஸி போதை மாத்திரைகள், 32,432 டாலர் ரொக்கம், தோட்டா நிரப்பிய ஒரு துப்பாக்கி. மாத்திரைகள் தன்னுடையவை என்றும், நண்பர்களுக்குக் கொடுத்திருப்பதாகவும் லீயே சொல்லிவிட்டார். இனி என்ன வாதாடுவது?

வழக்கறிஞர் சொன்ன வழி, குற்றத்தை ஒப்புக்கொள்வது. பதிலுக்குத் தண்டனை குறையும். அமெரிக்காவில் இதைத்தான் பிளீ டீல் என்கிறார்கள். லீக்கு ஒரே ஒரு கவலை. 'என்னை நாடு கடத்துவார்களா?' திரும்பத் திரும்பக் கேட்டார். 'அதெல்லாம் நடக்காது' என்றார் வழக்கறிஞர். லீ ஒப்புக்கொண்டார். ஒரு வருடமும் ஒரு நாளும் சிறை.

உள்ளே போன பிறகுதான் உண்மை தெரிந்தது. அவர் ஒப்புக்கொண்ட குற்றம், குடியேற்றச் சட்டப்படி கட்டாய நாடு கடத்தலுக்கு உரிய பட்டியலில் இருந்தது. சிறுவனாகக் கிளம்பிய பிறகு ஒருமுறைகூட அவர் கொரியாவுக்குப் போனதில்லை. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவில் இருந்த ஒரே உறவும் அவர்தான்.

சரி, கொடுத்த ஒப்புதலைத் திரும்ப வாங்க முடியுமா?

எப்போது கேட்கிறீர்கள்?

பதில் முக்கால்வாசி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களில் குற்றவியல் நடைமுறை விதி 11 இதை மூன்று கட்டமாகப் பிரிக்கிறது. (மாநில நீதிமன்றங்களுக்குத் தனித்தனி விதிகள் உண்டு.)

நீதிபதி ஒப்புதலை ஏற்கும் முன்பு என்றால் பிரச்சினையே இல்லை. காரணம்கூட சொல்ல வேண்டாம். மனசு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

ஏற்றுக்கொண்ட பிறகு, தண்டனை அறிவிக்கும் முன்பு என்றால் 'நியாயமான காரணம்' காட்ட வேண்டும். பிளீ டீலை நீதிபதி இன்னும் ஏற்கவில்லை, ஒப்புதலை மட்டும்தான் ஏற்றிருக்கிறார் என்ற நிலையிலும் இதே விதிதான் என்று 1997-ல் ஹைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டீல் ருசிக்கவில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டுப் போக முடியாது.

தண்டனை வந்துவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும். மேல்முறையீடு அல்லது தண்டனையையே சட்டவிரோதம் என்று எதிர்க்கும் தனி மனு, இவைதான் மிச்சம். லீ வந்து நின்றது இந்த மூன்றாவது கட்டத்தில்.

'நான் நிரபராதி' என்றால் போதாதா?

போதாது. நிறைய பேர் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். ஒப்புதல் கொடுப்பது ஒரு கையெழுத்தோடு முடிகிற விஷயம் இல்லை. சத்தியப்பிரமாணம் செய்துவிட்டு நீதிபதியின் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். யாராவது மிரட்டினார்களா? என்னென்ன உரிமைகளை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று புரிகிறதா? எல்லாமே பதிவாகும். பிறகு 'அன்று சொன்னது பொய்' என்றால், சத்தியத்தின் மேல் பொய் சொன்னதாக ஆகாதா?

டிரம்ப்பின் முன்னாள் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக்கேல் ஃப்ளின்னுக்கு இந்தச் சிக்கல் வந்தது. எஃப்பிஐயிடம் பொய் சொன்னதாக 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டார். ஒரு வருடம் கழித்து நீதிபதி மறுபடி கேட்டபோதும் அதையே சொன்னார். 2020 ஜனவரியில், அரசுத் தரப்பு ஒப்பந்தத்தை மீறிவிட்டது என்று சொல்லி ஒப்புதலைத் திரும்பப் பெற மனு போட்டார். மே மாதம் நீதித்துறையே வழக்கைக் கைவிட முன்வந்தது. அப்போதும் நீதிபதி சல்லிவன் விடவில்லை. ஃப்ளின் மீது பொய் சாட்சிக்காக நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்கலாமா என்று ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நியமித்தார். நவம்பரில் டிரம்ப் பொதுமன்னிப்பு கொடுத்தார், வழக்கு முடிந்தது. எல்லோருக்கும் அப்படி ஒரு ஜனாதிபதி கிடைப்பாரா என்ன?

காப்பாற்றிய ஒரு பதில்

லீயின் மனுவைக் கீழ் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. வழக்கறிஞர் தப்பாகச் சொன்னார், சரி. ஆனால் ஆதாரம் இவ்வளவு பலமாக இருக்கும்போது விசாரணைக்குப் போயிருந்தாலும் தோற்றிருப்பார்தானே? அப்புறம் என்ன நஷ்டம்? இதுதான் அவர்கள் கேட்டது.

2017 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-2 என்ற கணக்கில் இதை மாற்றியது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸின் கணக்கு எளிமையானது. ஒப்புக்கொண்டால் நாடு கடத்தல் நிச்சயம். விசாரணைக்குப் போனால் கிட்டத்தட்ட நிச்சயம். அந்தக் 'கிட்டத்தட்ட'வுக்காகக் கூடுதலாக ஓரிரு வருடம் ஜெயில் ரிஸ்க்கை ஒருவர் எடுப்பது, லீயின் நிலைமையில் முட்டாள்தனம் இல்லை.

ஆனால் கோர்ட் இன்னொன்றும் சொன்னது. 'தெரிந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்' என்று பிற்பாடு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த நேரத்தில் நடந்ததற்கு ஆதாரம் வேண்டும். லீயிடம் அது இருந்தது. நாடு கடத்தப்படலாம் என்பது உங்கள் முடிவைப் பாதிக்கிறதா என்று அன்று நீதிபதி கேட்டிருந்தார். ஆமாம் என்றார் லீ. எப்படி என்று கேட்டதும், தனக்குப் புரியவில்லை என்றார். பிறகு வழக்கறிஞர் பக்கம் திரும்பினார். எல்லோருக்கும் சொல்கிற வழக்கமான எச்சரிக்கைதான் என்று வழக்கறிஞர் சமாதானம் சொன்ன பிறகே மேலே போனார். தடுமாறிச் சொன்ன அந்தப் பதில்கள் எட்டு வருடம் கழித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பிடித்தன.

நம்ம ஆட்கள் கவனிக்க

கிரீன் கார்டிலோ ஹெச்-1பி விசாவிலோ அங்கே இருக்கும் அண்ணன், அக்கா, காலேஜ் நண்பர்களுக்கும் இதே சட்டம்தான். ஃபெடரல் தண்டனைகளில் 97 சதவீதமும், மாநிலத் தண்டனைகளில் 94 சதவீதமும் ஒப்புதல் மூலமே வருகின்றன என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. அதாவது, விசாரணை என்பதே அங்கே விதிவிலக்கு. ஒப்புதலால் நாடு கடத்தப்படும் ஆபத்து இருந்தால் அதை வழக்கறிஞர் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010-ல் படில்லா வழக்கில் தீர்ப்பு வந்தது. 2013 டிசம்பரிலிருந்து ஃபெடரல் நீதிபதிகளும் பொதுவான எச்சரிக்கை கொடுக்க வேண்டும். கிரிமினல் வழக்கறிஞர்கள் எல்லோருக்கும் குடியேற்றச் சட்டம் அத்துப்படி இல்லை. அதனால் ஒப்புக்கொள்ளும் முன்பே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது. கோர்ட்டில் புரியவில்லை என்றால், புரியவில்லை என்றே சொல்லுங்கள். தலையாட்டினால் பதிவாவது 'புரிந்தது' என்றுதான்.

ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் விடுதலை என்று அர்த்தமில்லை. டீல் காலி. பழைய குற்றச்சாட்டுகள் மறுபடி வரும், தோற்றால் தண்டனை முன்பைவிடக் கூடலாம். தண்டனைக்குப் பிறகு ஃபெடரல் மனு போட பொதுவாக ஒரு வருடம்தான் அவகாசம், தீர்ப்பு இறுதியான நாளிலிருந்து.