மீன்தொட்டிச் சுழற்சி

மீன்தொட்டிச் சுழற்சி என்பது புதிதாக அமைக்கப்பட்ட நன்னீர் மீன்தொட்டியில், மீன்களின் கழிவை நச்சுத்தன்மை குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிரிகளை, மீன்களை விடுவதற்கு முன்னரே வளர்த்தெடுக்கும் செயற்பாடு ஆகும். மண்ணிலும் நீர்நிலைகளிலும் நடைபெறும் நைட்ரஜன் சுழற்சியின் ஒரு பகுதியான நைட்ரேட்டாக்கம் தொட்டிக்குள் நிலைபெறுவதையே இது குறிக்கின்றது. இதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் தேவைப்படும். சுழற்சி நிறைவடையாத தொட்டியில் விடப்படும் மீன்கள் முதல் சில வாரங்களிலேயே நோயுற்று இறப்பதுண்டு. இந்நிலை "புதிய தொட்டி நோய்க்குறி" எனப்படுகின்றது. நீர் தெளிவாகத் தோன்றும்போதும் இது நிகழ்வதால், இதன் காரணம் பெரும்பாலும் மீனின் நோய் எனத் தவறாகக் கருதப்படுகின்றது.

தேவை

மீன்கள் தமது நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுள்கள் வழியே வெளியேற்றுகின்றன. உண்ணப்படாத உணவும் அழுகும் இலைகளும் அமோனியாவை உண்டாக்குகின்றன. ஆறுகளிலும் குளங்களிலும் இது பெருமளவு நீரில் கலந்து நீர்த்துப்போகும். சிறிய தொட்டியிலோ நாள்தோறும் சேர்ந்துகொண்டே இருக்கும்.

நீரில் அமோனியா இரண்டு வடிவங்களில் காணப்படும். மின்னேற்றமற்ற அமோனியா செவுள்களை எளிதில் ஊடுருவும் கடும் நஞ்சு. அமோனியம் அயனியின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. இவற்றின் விகிதம் நீரின் பிஎச் மதிப்பையும் வெப்பநிலையையும் பொறுத்தது. 25 பாகை செல்சியசில், பிஎச் 7 உள்ள நீரில் மொத்த அமோனியாவில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு மட்டுமே நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது 5 விழுக்காட்டைத் தாண்டும். எனவே, ஒரு தொட்டியில் மீன் தாங்கிக்கொண்ட அளவே மற்றொரு தொட்டியில் அதனைக் கொல்லக்கூடும்.

அமோனியாவிலிருந்து உருவாகும் நைட்ரைட்டும் நச்சுத்தன்மை உடையது. இது குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஆக்சிசனைச் சுமக்க இயலாத வடிவுக்கு மாற்றுவதால், நீரில் ஆக்சிசன் போதிய அளவு இருந்தும் மீன் மூச்சுத்திணறும். குருதி பழுப்பு நிறமடைவதால் இது "பழுப்புக் குருதி நோய்" என்றும் அழைக்கப்படுகின்றது. இறுதி விளைபொருளான நைட்ரேட்டின் நச்சுத்தன்மை இவ்விரண்டையும் விட மிகக் குறைவு. அதனைப் பகுதி நீர்மாற்றமும் நீர்த்தாவரங்களும் கட்டுப்படுத்தும்.

நுண்ணுயிரிகள்

நைட்ரேட்டாக்கம் உயிரிகளால் நிகழ்வது என்பதை 1877 இல் ஷ்லோசிங், மியூன்ட்சு ஆகிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினர். 1890 அளவில் செர்கேய் வினோகிராத்சுக்கி அதற்குக் காரணமான பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார். மீன்தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. நன்னீர்த் தொட்டிகளில் அப்பணியைச் செய்வது நைட்ரோசுபைரா வகை என 1998 இல் வெளியான ஆய்வு காட்டியது. அமோனியாவை நேரடியாக நைட்ரேட்டு வரை மாற்றவல்ல நைட்ரோசுபைரா இனங்களும் உள்ளமை 2015 இல் அறியப்பட்டது.

இவை நீரில் மிதப்பதை விட வடிகட்டியின் பஞ்சு, சரளைக்கல் போன்ற பரப்புகளில் ஒட்டியே பெரிதும் வாழ்கின்றன. ஆகவே, பழைய தொட்டியின் நீரை ஊற்றுவதால் பயன் சிறிதே. அதன் வடிகட்டிப் பஞ்சை ஈரம் காயாமல் கொண்டுவந்து வைத்தால் காலம் வெகுவாகக் குறையும். இவை மிக மெதுவாகவே பெருகுவதே சுழற்சிக்கு வாரக்கணக்கில் தேவைப்படுவதற்குக் காரணம்.

மீனற்ற முறை

இம்முறையில் மீனுக்குப் பதிலாக அமோனியா நேரடியாக இடப்படுகின்றது.

1. தொட்டியில் நீர் நிரப்பி, குளோரின் நீக்கியைச் சேர்க்க வேண்டும். குளோரின் நுண்ணுயிரிகளையும் கொல்லும்.
2. வடிகட்டியை இரவும் பகலும் இயக்க வேண்டும். வெப்பநிலை 25 முதல் 30 பாகை செல்சியசு வரை இருப்பது நன்று.
3. லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் அமோனியா கிடைக்கச் செய்ய வேண்டும். 60 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 0.38 கிராம் அமோனியம் குளோரைடு போதுமானது. நறுமணமோ சவர்க்காரமோ கலந்த துப்புரவுப் பொருட்களைப் பயன்படுத்தலாகாது.
4. அமோனியா, நைட்ரைட்டு அளவுகளைச் சோதனைப் பெட்டியால் சில நாட்களுக்கு ஒருமுறை அளந்து குறித்துவர வேண்டும். அமோனியா முற்றிலும் குறைந்ததும் அதே அளவு மீண்டும் இடப்படும்.
5. இட்ட அமோனியா 24 மணி நேரத்துள் மறைந்து, நைட்ரைட்டும் சுழியமானால் சுழற்சி நிறைவுற்றது எனக் கொள்ளலாம்.

முதலில் அமோனியா குறையும்போது நைட்ரைட்டு உயரும். 2 மில்லிகிராம் அமோனியா முழுவதும் மாறினால் ஏறத்தாழ 5.4 மில்லிகிராம் நைட்ரைட்டும், பின்னர் 7.3 மில்லிகிராம் நைட்ரேட்டும் உண்டாகும். ஆகவே, நைட்ரைட்டு அளவு இடப்பட்ட அமோனியாவை விட மிகுந்து காணப்படுவது பிழையன்று. பலமுறை இட்டபின் நைட்ரேட்டு மிகுந்திருக்கும் என்பதால், மீன்களை விடுமுன் நீரின் பெரும்பகுதி மாற்றப்படுகின்றது. அதன்பின் மீன்களை விடத் தாமதமானால், நுண்ணுயிரிகள் நலியாதிருக்க அமோனியா இடுவதைத் தொடர வேண்டும்.

மீனுள்ள முறை

வரிக்குதிரை மீன் போன்ற வலிய மீன்கள் சிலவற்றை விட்டு, அவற்றின் கழிவாலேயே சுழற்சியைத் தொடங்குவது பழைய வழக்கம். இதில் மீன்கள் பல வாரங்கள் நஞ்சைத் தாங்க நேர்கின்றது. பிழைத்த மீன்களின் செவுள்களும் பழுதடையலாம். ஏற்கனவே மீன்களை விட்டுவிட்ட நிலையில், உணவைக் குறைத்தலும், நீரை அடிக்கடி பகுதியளவு மாற்றுதலும் அவற்றைக் காக்கும் வழிகளாகும்.

தடைகளும் தவறுகளும்

* அமோனியா வடிவிலுள்ள 1 கிராம் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிசன் செலவாகின்றது. எனவே, நெடுநேர மின்தடையால் வடிகட்டி நின்றுபோனால் நுண்ணுயிரிகள் இறக்கக்கூடும்.
* அதே மாற்றம் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 7 கிராம் காரத்தன்மையையும் செலவழிக்கும். மென்னீரில் பிஎச் வீழ்ந்து சுழற்சி மந்தமடைவது இதனாலேயே.
* வடிகட்டிப் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவினால் சுழற்சி சிதையலாம். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனை அலச வேண்டும்.
* தொடக்க நாட்களில் நீர் வெண்மையாகக் கலங்குவது வேறுவகைப் பாக்டீரியாக்களால் ஆவது. அது தெளிவதைச் சுழற்சி நிறைவின் அடையாளமாகக் கொள்ள இயலாது.
* நிறைவடைந்த தொட்டியிலும் ஒரே நாளில் மிகுதியான மீன்களை விட்டால் அமோனியா மீண்டும் உயரக்கூடும். மீன்களின் எண்ணிக்கையைப் படிப்படியாகக் கூட்டுவதே ஏற்றது.