3,500 பவுண்டில் தொடங்கிய கணக்கு

எந்த இசைத்தட்டு நிறுவனமும் முன்வராததால் டைமண்ட் ஹெட் தன் முதல் ஆல்பத்தைத் தானே வெளியிட்டது. ஆண்டு 1980. இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜில் தொடங்கி 4 ஆண்டுகளே ஆன ஹெவி மெட்டல் குழு அது. 7 பாட்டு, 1,000 பிரதி. வெறும் வெள்ளை உறை; பெயரும் இல்லை, பாட்டுப் பட்டியலும் இல்லை. ஒவ்வொரு உறையிலும் நால்வரில் ஒருவரின் கையெழுத்து மட்டும். தபாலில் விலை 3.50 பவுண்டு. 1,000 பிரதியும் விற்றுத் தீர்ந்தாலும் 3,500 பவுண்டுதான். தட்டு அச்சிட்ட செலவும் தபால் செலவும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

பிறகு எம்.சி.ஏ. நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. 1982-ல் வந்த 'பாரோட் டைம்' பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 24-ஆம் இடம். 1983-ல் வந்த 'கேன்டர்பரி' 32-ஆம் இடம். அதன் முதல் 20,000 தட்டுகள் அச்சுக் கோளாறால் ஊசி தாவும்படி வெளிவந்தன. 1985-ல் குழு கலைந்தது. இதோடு கணக்கை மூடி இவர்களைத் தோற்றவர்கள் என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வரவுப் பக்கத்தையே அவர்கள் புரட்டவில்லை.

1981 கோடையில் லார்ஸ் உல்ரிச் என்ற 17 வயதுப் பையன் அமெரிக்காவிலிருந்து லண்டனுக்கு வந்து இவர்கள் கச்சேரியைக் கேட்டான்; கிதார் கலைஞர் பிரையன் டாட்லரின் வீட்டிலேயே தங்கினான். ஊர் திரும்பி அவன் தொடங்கிய குழுதான் மெட்டாலிகா. 1982 மார்ச் 14 அன்று அனஹைமில் நடந்த அவர்களின் முதல் கச்சேரியில் வாசித்தது 9 பாட்டு. அதில் 4 டைமண்ட் ஹெட்டுடையவை.

அந்த வெள்ளை உறைத் தட்டின் 7 பாட்டுகளில் 'ஆம் ஐ ஈவில்?', 'ஹெல்ப்லெஸ்', 'தி பிரின்ஸ்', 'இட்ஸ் எலெக்ட்ரிக்' ஆகிய 4 பாட்டுகளை 1984-க்கும் 1998-க்கும் இடையில் மெட்டாலிகா பதிவு செய்தது. நான்கும் 1998-இன் 'கராஜ் இன்க்.' தொகுப்பில் இருக்கின்றன. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, பாட்டை எழுதியவர்களுக்குச் சேர வேண்டியது, 5 நிமிடத்துக்கு உட்பட்ட பாட்டுக்கு ஒரு பிரதிக்கு 7.1 சென்ட்; அதைத் தாண்டினால் மொத்த நீளத்துக்கும் நிமிடத்துக்கு 1.35 சென்ட். 'ஆம் ஐ ஈவில்?' 8 நிமிடக் கணக்கில் 10.8 சென்ட், 'ஹெல்ப்லெஸ்' 7 நிமிடக் கணக்கில் 9.45, மற்ற இரண்டும் சேர்ந்து 14.2. ஆக, பிரதிக்கு 34.45 சென்ட். முழு வீதப்படி 10 லட்சம் பிரதிக்கு 3,44,500 டாலர். பதிப்பு நிறுவனத்தின் பங்கு போக மீதியை டாட்லரும் பாடகர் ஷான் ஹாரிஸும் பிரித்துக்கொள்ள வேண்டும். அப்படியும் ஒரு இசைக்கலைஞனுக்குச் சோறு போடும் தொகை. வானொலிக்காகச் சுருக்காமல் பாட்டை 7 நிமிடத்துக்கு மேல் ஓடவிட்ட இளைஞர்களுக்கு அந்த நீளமே சென்ட் சென்டாகத் திரும்பி வந்தது. நியாயமான கூலி என்பேன்.

கலைந்த டைமண்ட் ஹெட் மீண்டும் சேர்ந்து, 1993 ஜூன் 5 அன்று மில்டன் கீன்ஸில் மெட்டாலிகாவுக்கு முன் வாசித்தது. அதே ஆண்டு 4-ஆவது ஆல்பம். அதற்கடுத்தது வர 12 ஆண்டு. 2019-இன் 'தி காஃபின் டிரெயின்' வரை புதுப் பாட்டுகளோடு வந்த ஆல்பங்கள் மொத்தம் 8. தொடக்கம் முதல் விலகாமல் நிற்பவர் டாட்லர் ஒருவரே. முதல் ஆல்பத்தின் அந்த 7 பாட்டுகளையும் புதிதாகப் பதிவு செய்து 2020-ல் வெளியிட்டபோது, பிறருடைய 4 பாட்டுகளையும் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்று மெட்டாலிகாவின் 'நோ ரிமோர்ஸ்'.