பெட்டிக்குள் ஒரு சத்துரு

பண்டிகைக்காகப் பெட்டியைத் திறந்து, பாட்டியின் கலியாணப் பட்டுப் புடவையை ஆசையுடன் பிரிக்கிறோம். மடிப்புக்கு மடிப்பு ஓட்டை! உடனே கரப்பான் பூச்சியையும் எலியையும் வைகிறோம். குற்றவாளி எள்ளளவே உள்ள கம்பள வண்டாக இருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜன்னலோரத்தில் புள்ளி புள்ளியாய்த் தென்படும் வளர்ந்த வண்டு பரம சாது. பூவின் மகரந்தமே அதற்கு ஆகாரம். துணியைத் தின்பது அதன் புழு. உடலெங்கும் மயிர் அடர்ந்த அப்புழு, இருட்டில் மறைந்து பல மாதங்கள் தின்றுகொண்டேயிருக்கும். பட்டு, கம்பளி, இறகு, மயிர் எல்லாம் அதற்கு விருந்து. பருத்தியைச் சாதாரணமாகத் தீண்டாது. வியர்வையோ உணவுக் கறையோ படிந்திருந்தால் அதற்கும் ஆபத்துதான். புழுவின் மயிர் பட்டுச் சிலருக்கு உடம்பு தடிக்கும். வீட்டாரோ மூட்டைப் பூச்சியைத் தேடி மெத்தையை உதறுவார்கள்!

ஆகையால் ஜன்னலில் வண்டைக் கண்டால், புழுவின் இருப்பிடத்தைத் தேட வேண்டும். அலமாரிக்கு அடியில், கம்பளத்தின் கீழ், இறவாரத்துக் குருவிக் கூட்டில் பார்க்கலாம். புழு உரித்துப்போட்ட பழுப்புச் சட்டைகளே துப்புக் கொடுக்கும். மூலைகளில் சேர்ந்த மயிரையும் தூசியையும் அடியோடு அகற்ற வேண்டும். துவைக்கக்கூடியவற்றை வெந்நீரில் துவைக்கலாம். பட்டையும் கம்பளியையும் ஈரமின்றிப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, குளிர்ப்பெட்டியின் உறைநிலை அறையில், பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரி செல்ஸியஸில், 2 வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் மடியும்.

"பாச்சை உருண்டை இருக்கப் பயமேன்?" என்பீர்கள். அந்த நாப்தலீன் உருண்டை, காற்றுப் புகாத பெட்டியில்தான் பூச்சியைக் கொல்லும். பச்சைக் குழந்தை உள்ள வீட்டிலோ அதுவே விஷமாகலாம். சில சிசுக்களின் ரத்தத்தில் ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்திருக்கும். அத்தகைய குழந்தைக்கு அதன் ஆவி ரத்தத்தின் சிவப்பணுக்களை அழித்து, கடுமையான காமாலையை உண்டாக்கும். பாட்டியின் பழம்புடவையிலே தூளி கட்டுவது நம் வழக்கம் அல்லவா? உருண்டை வாசனை வீசும் புடவை தூளிக்கு உதவாது.

பெரியவர்கள் அவ்வப்போது பெட்டியைக் காலி செய்து, துணிகளை உதறிக் காற்றாட விரித்தார்கள். மறைவும் இருட்டுமே புழுவுக்குப் பலம். அவ்வழக்கம் அதைக் குலைத்தது. புடவையை அழுக்கோடு மடித்துப் பூட்டாமல், அடிக்கடி பிரித்துப் பார்ப்போமாக. புடவையும் பிழைக்கும், தூளியில் உறங்கும் குழந்தைக்கும் க்ஷேமம்.