சுழலும் வெல்டிங் மேஜை: எர்த் சரியாக இருக்கிறதா?

(நமது செகந்திராபாத் நிருபர்)

பாலாநகர், ஜீடிமெட்லா, சர்லபல்லி ஆகிய தொழிற்பேட்டைகளில் குழாய், தொட்டி, ரோலர் முதலிய உருண்டைச் சாமான்களுக்கு வெல்டிங் செய்யும் சிறு பட்டறைகள் பல உண்டு. தரையில் கிடக்கும் குழாயைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்தும் படுத்தும் பற்றவைப்பது தொழிலாளிக்குப் பெரும் சிரமம். அடிப்பக்கம் வெல்டிங் செய்யும்போது உருகிய இரும்பு கீழே வழியும், தையலும் கோணலாகும்.

ஆள் நின்ற இடத்தில் நிற்க, சாமான் தானே சுழன்றால்? அதற்குத்தான் 'பொசிஷனர்' எனப்படும் சுழல் மேஜை. பெரிய ஆலைகளில் பல டன் எடையைச் சுழற்றும் பொசிஷனர்கள் உண்டு. சிறு பட்டறைக்காரர் இதைத் தாமே செய்துகொள்ளலாம்.

வேகக் கணக்கு

100 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயின் சுற்றளவு சுமார் 314 மி.மீ. நிமிடத்திற்கு 150 மி.மீ. வீதம் தையல் போட்டால், ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும். பழைய காரின் வைப்பர் மோட்டார் நிமிடத்திற்கு 40, 50 சுற்றுச் சுற்றும். அதனுடன் 60-க்கு 1 என்ற வார்ம் கியர் பெட்டியைச் சேர்த்தால் நிமிடத்திற்கு ஒரு சுற்றுக்கும் குறைவாகிவிடும். பிறகு ஒரு ஸ்பீடு கன்ட்ரோலர் போதும். மோட்டாருக்கு 12 வோல்ட்தான் என்பதால் காலால் அழுத்தும் சுவிட்சையும் பயமின்றி வைக்கலாம்.

இதுவரை யாரும் செய்துவிடுவார்கள். தவறு நடப்பது அடுத்த கட்டத்தில்தான்.

பேரிங் பாழாவது ஏன்?

3.15 மி.மீ. ராடுக்குச் சுமார் 90 முதல் 130 ஆம்பியர் வரை மின்சாரம் ஓடுகிறது. ராடு வழியாகச் சென்ற மின்சாரம் அவ்வளவும் மெஷினுக்குத் திரும்பியாக வேண்டும். சுழலும் சாமானில் கிளாம்பை மாட்டினால் கேபிள் சுற்றிக்கொள்ளும். ஆகவே பலர் மேஜையின் இரும்புச் சட்டத்தில் கிளாம்பை மாட்டிவிடுகிறார்கள். அப்போது மின்சாரத்துக்குள்ள ஒரே வழி பேரிங்கின் குண்டுகள்தான். குண்டு தொடும் இடமோ ஊசிமுனை அளவு. அங்கே பொறி பறந்து, கிரீஸ் கருகி, குழி விழுந்து, பேரிங் கடகடவென்று சத்தமிடத் தொடங்கும்.

இந்தப் பிரச்னை ரயில்வேக்கும் உண்டு. 25 ஆயிரம் வோல்ட் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் எஞ்சின், அதைச் சக்கரங்கள் வழியே தண்டவாளத்துக்கு அனுப்புகிறது. பேரிங் வழியாக அது போகாதிருக்க அச்சின் முனையில் எர்த்திங் பிரஷ் பொருத்துகிறார்கள். அதே யுக்திதான் பட்டறைக்கும் தேவை.

செய்ய வேண்டியது

லாரி ஸ்டார்ட்டர் மோட்டாரின் செம்பு கலந்த கார்பன் பிரஷ்கள் நான்கை, ஸ்பிரிங் வைத்துச் சுழலும் அச்சின் மீது அழுந்தும்படி பொருத்துங்கள். மேஜைத் தட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே அவை இருக்கட்டும். ரிட்டர்ன் கேபிளை நேராக இந்தப் பிரஷ்களுடன் இணைக்க வேண்டும்.

பேரிங் பிளாக்கின் அடியில் ஹைலம் அட்டை வையுங்கள். போல்ட்டுக்கும் ஹைலம் புஷ், வாஷர் அவசியம். இல்லாவிட்டால் போல்ட்டே மின்சாரத்துக்குப் பாலமாகிவிடும். கியர் பெட்டிக்கும் அச்சுக்கும் இடையில் ரப்பர் கப்ளிங் போடுங்கள். வைப்பர் மோட்டார் பலவற்றில் மோட்டார் உடலே நெகட்டிவ் என்பதால் அதற்கும் அடியில் ஹைலம் தேவை. நீளக் குழாயைத் தாங்கும் ரோலர் ஸ்டாண்டையும் மறக்கக் கூடாது.

பச்சை வயர் உயிர்க் கவசம்

மேஜையின் சட்டத்தையும் வெல்டிங் மெஷினின் உடலையும் பச்சை வயர் மூலம் எர்த் குழியுடன் இணைக்க வேண்டும். இது வேறு, ரிட்டர்ன் கேபிள் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் ஆபத்து. பிரஷ் தேய்ந்து தொடாமற்போய், தட்டு சட்டத்தோடும், ரிட்டர்ன் கேபிள் பட்டறையின் வேறு இரும்போடும் பட்டுக்கொண்டிருந்தால், நூறு ஆம்பியரும் மெல்லிய பச்சை வயர் வழியே திரும்பப் பார்க்கும். வயர் உள்ளுக்குள் கருகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பிறகொரு நாள் கிரைண்டரில் கசிவு ஏற்பட்டால் காப்பாற்ற எர்த் இருக்காது. அதைக் கையில் பிடித்திருக்கும் தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து.

ஆர்க் இல்லாத நேரத்தில் வெல்டிங் மெஷினின் முனைகளில் 80 வோல்ட் வரை இருக்கலாம். வியர்வையில் நனைந்த கைக்கு அதுவும் ஆகாது. காய்ந்த கையுறையும் ரப்பர் அடி செருப்பும் வேண்டும்.

தினசரிச் சோதனை

காலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மல்டிமீட்டரால் மூன்றைப் பாருங்கள். தட்டுக்கும் பிரஷ் கேபிளுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். தட்டுக்கும் சட்டத்துக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. சட்டத்துக்கும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை பிரஷ் தேய்மானத்தைப் பாருங்கள். எர்த் குழியை மட்டும் லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிப்பது நல்லது.

மீட்டர் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை முதலாளிகள் கூலியில் பிடிக்காமல் இருந்தால், தொழிலாளர்களும் அதைத் தட்டிக்கழிக்க மாட்டார்கள்.