தங்கச்சி கல்யாணம் திடீர்ச் செலவா, சார்?

கைமாற்று கேட்டு வரும் நண்பர்கள் எல்லோரும் ஒரே வசனத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். ‘திடீர்னு ஒரு செலவு வந்துருச்சு மச்சி!’

என்ன செலவு என்று விசாரித்தால், தங்கச்சி கல்யாணம். தங்கச்சிக்கு வயது 25. இருபத்தைந்து வருஷமாக ஒரே வீட்டில் டி.வி. ரிமோட்டுக்குச் சண்டை போட்டு வளர்ந்த பெண்ணுக்கு ஒருநாள் கல்யாணம் ஆகும் என்பது அண்ணன்காரனுக்குப் போன வாரம்தான் தெரியவந்ததாம்!

பூகம்பம் திடீரென்று வரும். ஊரிலிருந்து சித்தப்பா திடீரென்று வருவார். ஆனால் கல்யாணம், வளைகாப்பு, ஸ்கூல் ஃபீஸ், காலேஜ் ஸீட், அப்பாவின் முழங்கால் ஆபரேஷன், சொந்த வீடு... இதெல்லாம் திடீர்ச் செலவு இல்லை சார். டைம்டேபிள் போட்டு வருகிற ரயில். நாம்தான் பிளாட்ஃபாரத்தில் இருப்பதில்லை.

பி.காம். படித்ததில் எனக்கு மிஞ்சிய ஞானம் ஒன்றே ஒன்று. மாதச் சம்பளக்காரன் எந்தப் பெரிய செலவையும் ஒரே நாளில் செய்வதில்லை, தவணையில்தான் செய்கிறான். தவணையை முன்னால் கட்டினால் அதற்குப் பெயர் சேமிப்பு. பின்னால் கட்டினால் கடன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு? கால்குலேட்டரை எடுங்கள்.

போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஐந்து வருஷத் திட்டம். 2023 அக்டோபரில் அதன் வட்டி 6.7 சதவீதம் ஆனது. அந்த வட்டியில் மாதம் 5,000 ரூபாய் போட்டால், அறுபது மாதத்தில் நீங்கள் கட்டியது 3 லட்சம். கைக்கு வருவது 3,56,830.

இதே 3,56,830 ரூபாயைக் கல்யாணத்துக்கு முதல் வாரம் பர்சனல் லோனாக வாங்குகிறீர்கள். வட்டி 14 சதவீதம், ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 8,300. கட்டி முடிக்கும்போது 4 லட்சத்து 98 ஆயிரம்.

அதே மண்டபம். அதே நாதஸ்வரம். அதே சாம்பார். ஒருத்தருக்கு 3 லட்சம். இன்னொருத்தருக்கு ஏறக்குறைய 5 லட்சம்! அந்த வித்தியாசத்துக்கு இலையில் ஒரு வடைகூட அதிகம் விழவில்லை.

இதை ஏலச்சீட்டு போட்ட நம் பாட்டிமார்கள் எப்போதோ புரிந்துகொண்டார்கள். 20 பேர், மாதம் 5,000, ஒரு லட்ச ரூபாய் சீட்டு. அவசரக்காரர் 25 ஆயிரம் தள்ளி, 75 ஆயிரத்துக்கு எடுப்பார். தள்ளிய பணத்தில் நடத்துகிறவரின் கமிஷன் (2019 சட்டத் திருத்தப்படி 7 சதவீதம் வரை) போக மிச்சம் எல்லோருக்கும் பங்கு பிரியும். அதாவது, அவசரக்காரன் பொறுமைசாலிக்குக் கப்பம் கட்டுகிறான்! (சீட்டு 1982-ம் வருஷச் சட்டப்படி பதிவானதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். ‘நமக்கு ரொம்பத் தெரிஞ்சவர்’ என்பது பதிவு எண் ஆகாது.)

எனக்கு இது வெறும் கணக்கு இல்லை. என் அக்கா கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அம்மா புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருப்பாள். வைகாசி மாதம், கொளுத்துகிற வெயில். தாலிச் சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. சம்பந்தி வீட்டார் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று அன்று முழுக்க அந்தத் தலைப்பை அவள் விடவே இல்லை. சங்கிலியை மீட்க நாலு வருஷம் ஆனது. அதற்குள் அக்கா பையன் எல்.கே.ஜி. சேர்ந்துவிட்டான்.

சரி, என்ன செய்யலாம்?

ஒரு நோட்டில் நாலு கட்டம் போடுங்கள். செலவின் பெயர், எந்த வருஷம், இன்றைய விலை, மீதி மாதங்கள். விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் இரட்டிப்பு (72-ஐ ஆறால் வகுங்கள்). இன்று 5 லட்சம் ஆகிற காலேஜ் படிப்பு, இப்போது ஒன்றாம் வகுப்பில் இருக்கும் குழந்தைக்கு 10 லட்சம். அதை மாதங்களால் வகுங்கள். மயக்கம் வரும். வரட்டும். இப்போது வந்தால் சோடா குடித்துத் தெளியலாம்.

நகைக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. 2015-ல் சவரன் 20 ஆயிரத்தைச் சுற்றி இருந்தது. 2025 அக்டோபரில் 90 ஆயிரத்தைத் தாண்டியது. எந்த ஆர்.டி.யும் அதைத் துரத்திப் பிடிக்காது. வாங்கியே தீரவேண்டும் என்றால் வருஷத்துக்கு இத்தனை கிராம் என்று வாங்கி வையுங்கள். முன்கூட்டியே யோசிப்பதில் இன்னொரு லாபம்: பத்து சவரனை ஐந்தாக்கலாமா என்று வீட்டில் பேசிப் பார்க்கவும் அவகாசம் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முதலில் மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்குங்கள். இல்லையென்றால் பைக் ரிப்பேருக்குத் தங்கச்சி கல்யாணத்தில் கை வைப்பீர்கள். அப்புறம், ஆர்.டி. பணம் சம்பளம் வந்த மறுநாளே போய்விட வேண்டும். ‘மாசக் கடைசியில மிச்சத்தைப் போடலாம்’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மாசக் கடைசியில் மிச்சம் இருப்பது காலண்டரில் தேதி மட்டும்தான்.

ஐயாயிரம் முடியாதா? ஆயிரத்தில் ஆரம்பியுங்கள். போஸ்ட் ஆபீஸில் மாதம் 100 ரூபாய்க்கே கணக்கு தொடங்கலாம்.

‘எனக்குத் தங்கச்சியே இல்லையே!’ என்று நிம்மதிப் பெருமூச்சு விடும் பிரம்மச்சாரிகளே, உங்களுக்கும் ஒருநாள் கல்யாணம் ஆகும். அந்த ரிசப்ஷன் செலவும் ‘திடீர்னு’தான் வரப்போகிறதா?